அப்லேஷன் மேஜையில் நின்ற 7 நொடி

கேள்வி: என் அப்பாவுக்கு 58 வயது. மூன்று வருடமாக ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு). பெரும்பாலும் ராத்திரி வயிறு நிறையச் சாப்பிட்டுப் படுத்த பிறகுதான் படபடப்பு வரும். மாத்திரைக்கு அடங்காததால் ஐந்து வாரம் முன்பு கதீட்டர் அப்லேஷன் (தொடை வழியாக மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்திக் கோளாறான இடத்தைச் சுடுவது) செய்தார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்தபோதுதான் ‘இடது மேல் நுரையீரல் சிரை அருகே வேகல் ரெஸ்பான்ஸ், 7 நொடி பாஸ், தற்காலிக பேஸிங்’ என்ற வரியைப் பார்த்தோம். அன்று மாலை தொடையில் இருந்த குழாயை எடுத்தபோதும் அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டி, கண் இருட்டி, ஊசி போட்டார்கள். முன்பெல்லாம் நாடித்துடிப்பு 60, 62 இருக்கும். இப்போது சும்மா உட்கார்ந்திருந்தாலே 86. வயிறு வேறு எப்போதும் உப்பலாக இருக்கிறது என்கிறார். ‘நரம்பைச் சுட்டுவிட்டார்கள், இனி பேஸ்மேக்கர்தான்’ என்கிறார் சித்தப்பா. ஏதோ தவறு நடந்திருக்கிறதா, டாக்டர்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் சித்தப்பா சொன்னதில் முதல் பாதி சரி. நரம்பைச் சுட்டிருக்கிறார்கள். ஆனால் அங்கிருந்து பொதுவாக பேஸ்மேக்கருக்குப் போக வழியில்லை. அது நேர் எதிர்த் திசையில் இருக்கிறது.

அதற்குள் போகுமுன் ஒன்று. அப்பாவின் இதயம் 7 நொடி நின்றதை ஒரு மகள் டிஸ்சார்ஜ் சம்மரியில் படித்துத் தெரிந்துகொள்ளும்படி விட்டிருக்கக் கூடாது. யாராவது வார்டுக்கு வந்து இரண்டு நிமிடம் நின்று சொல்லியிருக்க வேண்டும். எங்கள் தொழிலின் கெட்ட பழக்கம் இது. எங்களுக்கு அடிக்கடி நடக்கிற விஷயம் என்பதால் சொல்லவே தோன்றுவதில்லை. கேட்பவர்களுக்கு அது வாழ்க்கையில் முதல் முறை என்பது மறந்துபோகிறது.

அன்று நான் அங்கே இல்லை. ஆனால் இதே காட்சியைப் பல தடவை பார்த்தவன் என்பதால் ஏறக்குறைய சொல்ல முடியும். கேத் லேபில், அதாவது இந்தச் சிகிச்சை நடக்கும் அறையில், ஒவ்வொரு துடிப்புக்கும் மானிட்டர் ‘பிப்’ என்று ஒரு சத்தம் போடும். வீட்டு மின்விசிறிச் சத்தம் மாதிரி, யார் காதிலும் அது விழுவதில்லை. டாக்டர் காலடியில் இருக்கும் பெடலை மிதிக்கிறார். கதீட்டர் நுனி சூடேறுகிறது. சில நொடிகளில் ஒரு பிப்புக்கும் அடுத்த பிப்புக்கும் நடுவே இடைவெளி நீள்கிறது. பிறகு சத்தமே இல்லை. மின்விசிறி நின்ற பிறகுதானே அது ஓடிக்கொண்டிருந்தது தெரியும்? அந்த மாதிரி அறையில் உள்ள எல்லாரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்குவார்கள். ‘பேஸ் பண்ணுங்க’ என்று டாக்டர் சொல்லி முடிக்கும்போது டெக்னீஷியனின் விரல் பட்டன்மேல் இருக்கும். இதற்காகவே இதயத்துக்குள் முன்கூட்டி ஒரு வயர் வைத்திருப்போம். அது தூண்டத் தொடங்கும். பெடலிலிருந்து காலை எடுத்தால் சில நொடிகளில் இதயம் தானாகவே பழையபடி அடிக்கும். உங்கள் அப்பாவின் சம்மரியில் ஒரு வரியாக இருப்பது இவ்வளவுதான்.

சரி, மேலறையில் ஒரு புள்ளியைச் சுட்டால் முழு இதயமும் ஏன் நிற்க வேண்டும்?

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனைக் கிளப்பிவிடும் தாறுமாறான மின்துடிப்புகளில் பெரும்பாலானவை, நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு ரத்தம் கொண்டுவரும் நான்கு சிரைகளின் வாய்ப்பக்கத்திலிருந்தே புறப்படுகின்றன. பிரான்ஸின் போர்தோ நகரத்து மருத்துவர் மிஷேல் ஹைசகேரும் அவர் குழுவும் 1998-ல் 45 நோயாளிகளிடம் இதைக் காட்டினார்கள். அவர்கள் கண்டுபிடித்த புள்ளிகளில் 94 சதவீதம் அந்தச் சிரைகளுக்குள் இருந்தன. அதனால்தான் அப்லேஷன் என்றால் இன்று அந்த நான்கு வாய்களையும் சுற்றி வேலி போடுவது என்று ஆகிவிட்டது. வேலி போடும் அதே இடத்தில், மேலறையின் வெளிச்சுவரில் ஒட்டியிருக்கும் கொழுப்புக்குள், நரம்பு முடிச்சுகள் புதைந்து கிடக்கின்றன. இதயத்துக்கென்று தனியாக ஒரு நரம்பு மண்டலமே இருக்கிறது. ஆண்ட்ரூ ஆர்மரின் குழு 1997-ல் மனித இதயத்தில் மட்டும் 14,000-க்கு மேல் நரம்புச் செல்கள் இருக்கும் என்று கணக்கிட்டது. சுவரோ சில மில்லிமீட்டர் கனம். உள்ளேயிருந்து சிரை வாயைச் சுட்டால் வெளியே ஒட்டியிருக்கும் முடிச்சுக்கும் சூடு போகாமல் இருக்காது. இடது மேல் சிரைப் பக்கம் அது இன்னும் அதிகம். கதீட்டர் அந்த மூலைக்கு நகரும்போதே ‘பேஸிங் ரெடியா?’ என்று கேட்டுவைப்பது எங்கள் வழக்கம்.

இந்த முடிச்சுகள் வேகஸ் நரம்பின் கடைசி நிலையங்கள். வேகஸ்தான் இதயத்தின் கடிவாளம். மூளைத்தண்டிலிருந்து கழுத்து வழியாக இறங்கி, இதயத்தைத் தொட்டு, உணவுக்குழாயை ஒட்டியபடி வயிறு வரை போகிறது. 1845-ல் வேபர் சகோதரர்கள் வேகஸை மின்சாரத்தால் தூண்டி இதயத்தை நிறுத்திக் காட்டினார்கள். நரம்பு தூண்டப்பட்டால் ஓட்டம் கூடும் என்று நினைத்திருந்தவர்களுக்கு அது அதிர்ச்சி. 1921-ல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஓட்டோ லோவி ஒரு தவளை இதயத்தின் வேகஸைத் தூண்டி, அது ஊறியிருந்த திரவத்தை எடுத்து இன்னொரு தவளை இதயத்தில் ஊற்றினார். இரண்டாவது இதயமும் மெதுவாகிவிட்டது. நரம்பு ஒரு ரசாயனத்தைச் சுரந்து பேசுகிறது என்பதற்கு முதல் சாட்சி அதுதான். அந்த ரசாயனத்துக்கு அசிட்டைல்கோலின் என்று பெயர். (அந்தச் சோதனை கனவில் வந்தது என்றும், முதல் நாள் எழுதிவைத்த குறிப்பு மறுநாள் படிக்கவே முடியவில்லை என்றும், அடுத்த இரவு அதே கனவு வந்ததும் எழுந்து நேராக ஆய்வகத்துக்கு ஓடினேன் என்றும் லோவியே சொல்லியிருக்கிறார்.)

உங்கள் அப்பாவின் மேலறையில் நடந்ததும் அந்தத் தவளைக் கதைதான். சூடு பட்ட முடிச்சு சாவதற்கு முன் அலறுகிறது, அசிட்டைல்கோலினைக் கொட்டுகிறது. கூடவே உணர்நரம்புகள் வழியாக மூளைத்தண்டுக்குச் செய்தி போய், அங்கிருந்தும் ‘கடிவாளத்தை இழு’ என்ற உத்தரவு வருகிறது. துடிப்பு நிற்கிறது, ரத்த அழுத்தம் இறங்குகிறது. கல்லூரி ரத்ததான முகாமில் ஊசியைப் பார்த்ததும் சரிந்து விழும் பையனுக்கு நடப்பதும் இதுவே. அங்கே கண் வழியாக வருகிறது, இங்கே இதயத்துக்குள்ளேயே கிளம்புகிறது.

குழாயை எடுத்தபோது வந்த மயக்கமும் அதே குடும்பம்தான். தொடை இடுக்கில் அழுத்திப் பிடிக்கும் வலி, காலையிலிருந்து பட்டினி, நிரம்பிய சிறுநீர்ப்பை, பயம் எல்லாம் சேர்ந்தால் போதும். கால் இரண்டையும் உயர்த்தி, சலைன் வேகத்தைக் கூட்டி, 0.6 மில்லிகிராம் அட்ரோபின் ஆம்பூலை உடைத்துப் போட்டிருப்பார்கள். அட்ரோபின் அசிட்டைல்கோலினின் வாயை அடைக்கும் மருந்து. ‘காலையில்தானே நரம்பைச் சுட்டார்கள், மாலையில் எப்படி மயக்கம் வந்தது?’ என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. இந்த மயக்கத்துக்கு இரண்டு பாதி உண்டு. ஒன்று துடிப்பு குறைவது, இன்னொன்று உடம்பு முழுக்க ரத்தக் குழாய்கள் தளர்ந்துபோவது. இதயத்தில் சுடுவது முதல் பாதியை மட்டும்தான் தொடும், அதையும் முழுசாக அல்ல.

இந்த இரண்டு நேரத்திலும் நாங்கள் உண்மையில் பயப்படுவது வேறொன்றுக்கு. ரத்த அழுத்தம் இறங்கி, நாடி மெதுவாக இருந்தால் பெரும்பாலும் வேகஸ். அழுத்தம் இறங்கி நாடி ஓடினால், இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் ரத்தம் கசிகிறதோ என்று உடனே எக்கோ வைத்துப் பார்ப்போம். நாடி மெதுவாக இருந்தாலும் சந்தேகம் வந்தால் பார்ப்பதுதான் முறை. உங்கள் அப்பா ஐந்து வாரமாக வீட்டில் நடமாடிக்கொண்டிருக்கிறார், சம்மரியிலும் வேறொன்றும் எழுதவில்லை. அதனால் அந்தப் பக்கம் அவ்வளவாகக் கவலை வேண்டாம்.

இப்போது அந்த 86-க்கு வருகிறேன். எனக்கு உங்கள் கடிதத்திலேயே மிகவும் பிடித்த எண் அது.

உள்ளே வரும் எல்லா நரம்புகளையும் மருந்தால் அடைத்துவிட்டால் இதயம் தன்னந்தனியாக எவ்வளவு வேகத்தில் அடிக்கும் என்று முன்பே அளந்திருக்கிறார்கள். அதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது: 118.1-லிருந்து, வயதை 0.57-ஆல் பெருக்கி வருவதைக் கழிக்க வேண்டும். அப்பாவின் 58 வயதைப் போட்டுப் பாருங்கள். 85 வரும். அவர் முன்பு 60-இல் இருந்தது வேகஸ் இரவு பகலாகக் கடிவாளத்தை இழுத்துப் பிடித்திருந்ததால். அந்தப் பிடி இப்போது தளர்ந்திருக்கிறது. சூத்திரத்தோடு ஒன்றிரண்டு வித்தியாசத்தில் பொருந்துவது ஓரளவு தற்செயல்தான், வேகத்தைக் கூட்டும் நரம்புகளும் இன்னும் வேலையில்தானே இருக்கின்றன. ஆனால் திசை இதுதான். அப்லேஷனுக்குப் பிறகு ஓய்வுத் துடிப்பு 10, 15, சிலருக்கு அதற்கும் மேல் கூடுவது எங்களுக்கு வழக்கமான காட்சி. வலது மேல் சிரையின் முன்பக்கத்து முடிச்சு, இதயத்தின் ஒவ்வொரு துடிப்பையும் தொடங்கிவைக்கும் சைனஸ் நோடுக்குப் போகும் பாதையில் உட்கார்ந்திருக்கிறது. அதைச் சுடும்போது, மேஜையிலேயே துடிப்பு 60-லிருந்து 80-க்கு ஏறுவதைப் பார்க்கலாம். வலது பக்கத்தை முதலில் முடித்துவிட்டு இடது பக்கம் போனால் இந்த நிற்றல் அவ்வளவாக வருவதில்லை என்பதும் அதனால்தான்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். உங்கள் மணிக்கட்டில் விரலை வைத்து, நிதானமாக மூச்சை இழுத்து, நிதானமாக விடுங்கள். இழுக்கும்போது நாடி கொஞ்சம் விரைவாகவும் விடும்போது மெதுவாகவும் போகும். அது வேகஸின் கைவேலை. அப்புறம் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பாருங்கள். சுவர்க்கடிகாரம் மாதிரி ஒரே சீராக இருக்கலாம். வயதாக ஆக இந்த ஏற்ற இறக்கம் எல்லாருக்கும் குறையும் என்பதால் இதை வைத்து எதையும் முடிவு கட்ட வேண்டாம். ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருந்தால் அதில் ‘ஹார்ட் ரேட் வேரியபிலிட்டி’ (இந்த ஏற்ற இறக்கத்தின் அளவு) விழுந்திருப்பதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், காரணம் இதேதான்.

ஆனால் 86 என்பதை நான் சொன்னதாலேயே நம்பிவிடாதீர்கள். ஒரு ஈசிஜி எடுங்கள். அது சைனஸ் ரிதம்தான், அதாவது சைனஸ் நோடிலிருந்து வரும் இயல்பான துடிப்புதான் என்று கண்ணால் பார்க்க வேண்டும். அப்லேஷனுக்குப் பிறகு சிலருக்கு மேலறையில் சீரான வேக ஓட்டம் ஒன்று தொடங்கி, நாடியில் ஒழுங்காகவே தெரியும். கூடவே ஹீமோகுளோபின் பாருங்கள், தொடையில் ரத்தம் கட்டியிருந்தால் குறைந்திருக்கலாம். முன்பு அமியோடரோன் (துடிப்பைச் சீராக்கும் மாத்திரை) சாப்பிட்டிருந்தால் தைராய்டு பரிசோதனையும் அவசியம். இன்னொன்று, அப்லேஷனுக்கு முன் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிட்டு இப்போது நிறுத்தியிருக்கிறார்களா? அப்படியென்றால் பழைய 60-இல் பாதி அந்த மாத்திரையின் புண்ணியம். எல்லாம் சரியாக இருந்தால் 86-க்கு மருந்து வேண்டியதில்லை. படுத்தால் நெஞ்சு அடிப்பது காதில் கேட்கிறது என்று தொந்தரவுபட்டால் மட்டும் அவர் டாக்டர் சிறிய அளவில் ஏதாவது தருவார். மாதங்கள் போகப் போக இது மெல்ல இறங்கும். சிலருக்கு ஒரு வருடம் ஆகும், சிலருக்குக் கொஞ்சம் உயர்வாகவே நின்றுவிடும். நரம்பு இழைகள் திரும்ப வளரும், செத்துப்போன நரம்புச் செல்கள் திரும்பாது.

பேஸ்மேக்கர் விஷயம். துடிப்பைத் தூண்டும் சைனஸ் நோடோ, அந்தத் துடிப்பைக் கீழறைக்குக் கடத்தும் பாதையோ கெட்டுப்போய், தானாகவே இடைவெளி விழுந்தால்தான் பெரும்பாலும் பேஸ்மேக்கர். அப்பாவுக்கு விழுந்த இடைவெளி, நெருப்பு வைத்ததால் விழுந்தது. ஈசிஜியும் சைனஸ் ரிதம் என்றே சொன்னால், அவருடைய சைனஸ் நோட் இப்போது நிமிடத்துக்கு 86 தடவை வேலை செய்துகொண்டிருக்கிறது, அதைவிட நல்ல சான்றிதழ் வேண்டுமா? இன்னும் சொன்னால், இதே முடிச்சுகளை வேண்டுமென்றே தேடிச் சுடும் சிகிச்சையே உண்டு. பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரத்து மருத்துவர் பஷோன் 2005-ல் எழுதினார். அடிக்கடி இதயம் நின்று மயங்கி விழுகிறவர்களுக்கு பேஸ்மேக்கர் வைப்பதற்குப் பதிலாக இந்த முடிச்சுகளைச் சுட்டுவிடலாம் என்பது அவர் வழி. அதற்கு கார்டியோநியூரோ அப்லேஷன் என்று பெயர். 2023-ல் போலந்து மருத்துவர்கள் வெளியிட்ட ரோமன் ஆய்வில் 48 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு வருடத்தில், சுட்டுக்கொண்ட 24 பேரில் 2 பேருக்கு மட்டும் மயக்கம் திரும்பியது. மற்ற 24 பேரில் 13 பேருக்கு. சிறிய ஆய்வு, அவசரப்பட வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். ஆனால் சித்தப்பா எதை நினைத்துப் பயப்படுகிறாரோ, அதைச் சிலர் மருந்தாகவே வாங்கிக்கொள்கிறார்கள் என்பதைச் சொல்லுங்கள்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வரும் படபடப்பு என்று நீங்கள் எழுதியதை நான் இரண்டு முறை படித்தேன். பகலில் ஓடியாடும்போது வராமல், ஓய்விலும் உணவுக்குப் பின்னும் உறக்கத்திலும் வருகிற ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனை வேகஸ் வகை என்று தனியாகப் பிரித்துக் காட்டியவர் பிரான்ஸின் பிலிப் கூமேல். வேகஸ் ஓங்கும்போது மேலறைச் செல்கள் மின்னோட்டத்துக்குப் பிறகு சீக்கிரமே தயாராகிவிடுகின்றன. தாறுமாறான சுழற்சிக்கு அது தோது. அப்படிப்பட்டவருக்கு அந்த முடிச்சு சாவது நல்லதுதானே? 2004-ல் இத்தாலியின் பப்போனே குழு 297 நோயாளிகளிடம் இதைக் கவனித்தது. மூன்றில் ஒருவருக்கு அப்லேஷனின்போது இந்த வேகல் ரெஸ்பான்ஸ் வந்தது. அது வந்து, முழுசாக அடங்கும் வரை சுடப்பட்டவர்களில் 99 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்தில் படபடப்பு திரும்பவில்லை. மற்றவர்களில் 85 சதவீதம். இந்த எண்களைப் பார்த்து எங்கள் துறையே கொஞ்ச காலம் குதூகலித்தது. பிறகு ஆம்ஸ்டர்டாமில் 240 பேரிடம், அறுவை சிகிச்சையின்போது முடிச்சுகளைக் கூடுதலாகச் சுட்டுப் பார்த்தார்கள். 2016-ல் முடிவு வந்தது. பலன் கூடவில்லை, ரத்தக்கசிவும் பேஸ்மேக்கர் தேவையும்தான் கூடின. ஆகவே ‘7 நொடி நின்றது, எனவே நோய் போச்சு’ என்று நான் எழுதித் தர மாட்டேன். கெட்ட சகுனம் இல்லை என்று மட்டும் சொல்வேன். முதல் இரண்டு மூன்று மாதம் சுட்ட இடம் ஆறுகிற காலம். அதற்குள் படபடப்பு எட்டிப் பார்த்தாலும் தோல்வி என்று எண்ண வேண்டாம்.

சம்மரியில் குளிரூட்டும் பலூன் (சுடாமல் உறையவைக்கும் முறை) என்றிருந்தால், நிற்றல் குளிரும்போது வராமல், பனி உருகிப் பலூன் சுருங்கும்போது வந்திருக்கும். புதிதாக வந்திருக்கும் மின்துடிப்பு முறையிலும் இதயம் நிற்பதுண்டு, ஆனால் நரம்புகள் அதிகம் தப்பிப்பதால் பிறகு துடிப்பு இவ்வளவு ஏறுவதில்லை.

கடைசியாக வயிறு. நீங்கள் கடிதத்தின் ஓரத்தில் எழுதியது அதுதான், நான் அதிகம் யோசித்ததும் அதுதான். வேகஸ் உணவுக்குழாயை ஒட்டி இறங்குகிறது என்று சொன்னேன். மேலறையின் பின்சுவருக்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே விரலை நுழைக்க இடமில்லை. சூடு அங்கே எட்டியிருந்தால் வயிறு சாப்பாட்டைக் கீழே தள்ளுவது மந்தமாகி, நாலு கவளத்தில் நிறைந்த மாதிரி இருக்கும், உப்பும். பெரும்பாலும் சில வாரங்களில் அல்லது சில மாதங்களில் சரியாகிவிடும். மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாகப் பிரித்துக் கொடுங்கள், எண்ணெய்ப் பலகாரத்தைக் குறையுங்கள், இரவு உணவை ஏழு மணிக்கே முடிக்கச் சொல்லுங்கள்.

ஆனால் இந்த ஒன்றை மட்டும் வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். அப்லேஷன் முடிந்த முதல் வாரத்திலிருந்து இரண்டு மாதம் வரை, மிக அபூர்வமாக, உணவுக்குழாய்க்கும் மேலறைக்கும் நடுவே ஓட்டை விழலாம். அப்பா இன்னும் அந்தக் காலத்துக்குள்தான் இருக்கிறார். காய்ச்சல், விழுங்கினால் நெஞ்சில் வலி, ரத்த வாந்தி, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, இவற்றில் எது வந்தாலும் பக்கத்துக் கிளினிக்கில் காய்ச்சல் மாத்திரை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். அப்லேஷன் செய்த மருத்துவமனைக்கோ பெரிய மருத்துவமனைக்கோ போய், ‘ஐந்து வாரம் முன்பு இதயத்தில் அப்லேஷன் செய்தார்கள்’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அங்கே யாராவது வயிற்று உப்பலைக் கேட்டுவிட்டு எண்டோஸ்கோப்பி என்று ஆரம்பித்தால், முதலில் நெஞ்சு சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். எண்டோஸ்கோப்பியில் ஊதும் காற்று அந்த ஓட்டை வழியே இதயத்துக்குள் போய்விடும்.

ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது. அதை எப்போது நிறுத்துவது என்பது நாடித்துடிப்பைப் பார்த்து எடுக்கும் முடிவல்ல. வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, முன்பு பக்கவாதம் வந்ததா என்பதையெல்லாம் பார்த்து அவர் டாக்டர் முடிவு செய்வார். அடுத்த முறை அவரிடம் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் போங்கள். அந்த வரியில் விரலை வைத்து ‘சார், இது என்ன?’ என்று கேளுங்கள்.